போன்ல மாட்டற மேக்ரோ லென்ஸ்: எக்ஸ் நம்பர பாக்காதீங்க, தூரத்த பாருங்க

முதல்லயே முடிவ சொல்லிடறேன். பூச்சி, பூ மாதிரி சின்ன பொருள கிட்ட இருந்து பெருசா எடுக்க போன்ல மாட்டற இந்த மேக்ரோ லென்ஸ வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா பெட்டி மேல போட்டிருக்கற எக்ஸ் நம்பர வெச்சு மட்டும் வாங்காதீங்க. 15எக்ஸ், 30எக்ஸ், 100எக்ஸ்னு என்னென்னவோ போட்டிருப்பாங்க, அதுக்கும் உங்களுக்கு கிடைக்கப்போற படத்துக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. கடைல நிக்கும்போது ஒண்ணே ஒண்ணு பாருங்க, லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்கும்போது போகஸ் ஆகுது? இத எழுத உக்காந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

என்கிட்ட ரெண்டு லென்ஸ் இருக்கு. ஒண்ணு பட்டன் சைஸுல இருக்கற பொடி லென்ஸ், கூட ஃபிஷ்ஐ, வைட்னு ரெண்டு துணை லென்ஸும் வெச்சு செட்டா குடுப்பாங்களே அது. இன்னொண்ணு குண்டு லென்ஸ், கையில வெச்சா கனம் தெரியும், உள்ள கண்ணாடி, மேல மெட்டல். ரெண்டுமே கிளிப் போட்டு போன் கேமரா மேல மாட்டறது. பிராண்ட் பேரு நான் சொல்லப்போறதில்ல, ஏன்னா அச்சு அசலா ஒரே லென்ஸ் நாலு வேற பேர்ல நாலு வேற டப்பால வருது, ஒரு பேர சொன்னா நீங்க அதையே தேடிட்டு நிப்பீங்க.

குண்டு லென்ஸ சென்னைல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற ரிச்சி ஸ்ட்ரீட்லதான் வாங்கினேன். ஆன்லைன்ல கொஞ்சம் விலை கம்மியாவே கிடைக்கும், ஆனா அங்க நேர்ல போனா உங்க போன்லயே மாட்டி பாத்துட்டு வாங்கலாம், இந்த மாதிரி சாமானுக்கு அது ரொம்ப முக்கியம். "அண்ணா, ஒரு நிமிஷம் மாட்டி பாத்துக்கட்டுமா"ன்னு கேட்டேன், "பாருங்க சார், பாக்கறதுக்கு என்ன காசா"ன்னு கவர பிரிச்சு குடுத்துட்டாரு. கவுண்டர்லயே ஒரு விசிட்டிங் கார்ட வெச்சு அதுல இருக்கற எழுத்துக்கு போகஸ் பண்ணினேன், கிட்டத்தட்ட ரெண்டு விரல் அகலத்துல இருந்து நாலு விரல் அகலம் வரைக்கும் தள்ளி தள்ளி பாத்தேன், எல்லா இடத்துலயும் எழுத்து கத்தி மாதிரி நின்னுச்சு. அங்கயே முடிவு பண்ணிட்டேன். பேரம் பேசி ஆயிரம் ரூபாய்க்கு கொஞ்சம் கம்மியா முடிஞ்சுது. பொடி லென்ஸ் செட்டு அதுல பாதி விலைக்கும் கீழ.

இப்ப அந்த தூரம் ஏன் அவ்ளோ முக்கியம்னு சொல்றேன். கிளிப் லென்ஸ்னா அடிப்படைல அது ஒரு பூதக்கண்ணாடி, அவ்ளோதான். அதோட போகல் லெங்த், அதாவது அது ஒளிய ஒரு புள்ளில குவிக்கற தூரம், 25 மில்லிமீட்டர்னா, போன் கேமரா தூரத்துக்கு போகஸ் ஆகி இருக்கும்போது பொருள் சரியா 25 மில்லிமீட்டர்ல இருக்கணும், போன் கிட்டத்துக்கு போகஸ் பண்ணினா இன்னும் கொஞ்சம் கிட்ட வரணும். அத விட்டு வெளிய போனா மங்கல்தான், பேச்சே இல்ல. லென்ஸோட பவர சொல்ற டயாப்டர் கணக்குல சொன்னா 1000 மில்லிமீட்டர போகல் லெங்த்தால வகுத்தா வர்ற நம்பர், 25க்கு 40 டயாப்டர், 100க்கு 10 டயாப்டர். படத்துல எவ்ளோ பெருசா தெரியும்ங்கறது உங்க போன் கேமராவோட நிஜமான போகல் லெங்த்த இந்த லென்ஸோட போகல் லெங்த்தால வகுத்தா வர்றது. அதனால டப்பால 100எக்ஸ்னு ஒரு நம்பர பொதுவா அச்சடிக்கறதுக்கு அர்த்தமே இல்ல, உங்க போனுக்கு ஒண்ணு வரும், என் போனுக்கு வேற வரும்.

இந்த டயாப்டர் நம்பர் பெருசா இருக்கற லென்ஸ்ல என்ன ஆகும்னா, ரெண்டரை சென்டிமீட்டர் கிட்ட போனோட பெரிய முகம் போயி நிக்கும். போன் நிழல் அப்படியே பொருள் மேல விழும், படம் கருப்பா வரும். பூச்சியா இருந்தா ஓடிடும். நம்ம வீட்டு சுவத்துல திரியுதே, வலை பின்னாம குதிச்சு குதிச்சு ஈ பிடிக்கற சின்ன சிலந்தி, அத பொடி லென்ஸுல எடுக்க நீங்க படாத பாடு படணும், கிட்ட வந்தாலே திரும்பி ஒரு தாவு. அதே சிலந்திய குண்டு லென்ஸோட ஆறு சென்டிமீட்டர் தள்ளி நின்னு பாருங்க, அது நம்மள திரும்பி பாக்கும், சும்மா சொல்லல, நிஜமாவே பாக்கும். எட்டு கண்ணு அதுக்கு, முன்னாடி நடுவுல இருக்கற ரெண்டும் பெருசு, அந்த பெரிய கண்ணுல லென்ஸ் அசையாது, உள்ள இருக்கற விழித்திரை தான் அங்க இங்க நகரும். வெளிர் நிற சிலந்தி கிடைச்சா வீடியோ எடுத்து பாருங்க, கண்ணுக்குள்ள கருப்பு நகர்ந்து நகர்ந்து போறது தெரியும். பூச்சிய பிடிச்சு ஃப்ரிட்ஜுல வெச்சு மரத்துப்போக வெச்சு படம் எடுக்கறவங்க இருக்காங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது, இந்த தூரம் கிடைச்சா அதுக்கு அவசியமும் இல்ல.

நான் அதிகம் எடுத்தது மொட்டை மாடிலதான், அதுலயும் கீழ்வீட்டு அக்கா வெச்சிருக்கற கறிவேப்பிலை செடில. அவங்க புழுவ கண்டாலே கிள்ளி போடறவங்க. "அக்கா, இத மட்டும் விட்டுடுங்க, ஒரு வாரம்"னு கேட்டு வாங்கின செடி அது. கறிவேப்பிலை அழகின்னு ஒரு பட்டாம்பூச்சி, சென்னை முழுக்க இருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை மாதிரி செடியோட இலைலதான் முட்டை வைக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளிர் மஞ்சள் உருண்டை, வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி, அவ்ளோதான். இந்த லென்ஸுல பாத்தா அது இலைல ஒட்டியிருக்கற இடம், பளபளப்பு எல்லாம் தெரியுது, பொரியறதுக்கு முன்னாடி உள்ள கருப்பு ஆயிடும், புழுவோட தலை வெளிய தெரியற மாதிரி. பொரிஞ்சு வந்த புழு முதல்ல முட்டை ஓட்ட தின்னும், அப்புறம் தான் இலைக்கு வரும். சின்ன புழு பழுப்புல வெள்ளை கலந்து அப்படியே பறவை எச்சம் மாதிரி இருக்கும், அதான் அதோட பாதுகாப்பு, காக்கா கூட சீண்டாது. கடைசியா தோலுரிச்சதுக்கப்புறம் திடீர்னு பச்சை ஆயிடும், கழுத்து பக்கத்துல பொய்க்கண்ணு மாதிரி ஒரு அடையாளம் வரும். லேசா தொந்தரவு பண்ணினா தலைக்கு பின்னாடி இருந்து சிவப்பா ரெண்டா பிரிஞ்ச ஒரு உறுப்ப வெளிய நீட்டும், வாடை வேற வரும். அது ஒரு நொடி ரெண்டு நொடி தான், அப்புறம் உள்ள இழுத்துக்கும், அதனால போட்டோவுக்கு நிக்காதீங்க, வீடியோல ஓட விட்டு அப்புறமா நல்ல ஃப்ரேம எடுத்துக்கோங்க. அந்த அக்கா இப்ப புழு இருந்தா எனக்கு போன் பண்றாங்க, "தம்பி, உன் ஆளு வந்திருக்கான், மேல வா"ன்னு.

செம்பருத்திய விட்டுடாதீங்க. அதோட மகரந்தம் ரொம்ப பெரிய சைஸு, தனித்தனி உருண்டையா மஞ்சளா தெரியும், போன்ல தூரத்துல இருக்கறத பெருசா காட்டற டெலி கேமரால போட்டா மேல முள்ளு முள்ளா இருக்கறது வரைக்கும் கொஞ்சம் புரியும். அதே செடில மாவுப்பூச்சி இருந்தா இன்னும் நல்லது, செடிக்கு இல்ல, நமக்கு. எறும்பு வந்து மாவுப்பூச்சிய உணர்கொம்பால தட்டி தட்டி, அது விடற இனிப்பு சொட்ட வாங்கி குடிக்கும். ஒரு சொட்டு உருண்டு திரண்டு வர்றத, எறும்பு அத வாயில வாங்கறத இந்த லென்ஸுல ஃபுல் ஸ்க்ரீன்ல பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இப்ப டெலி கேமரான்னு சொன்னேன் இல்ல, இது நிறைய பேருக்கு தெரியாத விஷயம், நல்லா கவனிங்க. உங்க போன்ல 2எக்ஸ் இல்ல 3எக்ஸ் தனி டெலி கேமரா இருந்தா, குண்டு லென்ஸ மெயின் கேமரா மேல மாட்டாம அந்த டெலி மேல மாட்டுங்க. தூரம் அதே தான் இருக்கும், ஆனா பொருள் ரெண்டு மூணு மடங்கு பெருசா வரும், ஏன்னா மேல சொன்ன கணக்குல போன் கேமராவோட போகல் லெங்த் கூடிடுச்சு. ஆனா போன் தானே புத்திசாலித்தனம் காட்டி கேமராவ மாத்திடும், கிட்ட பொருள் இருக்குன்னு தெரிஞ்சா அல்ட்ராவைடுக்கு தாவிடும், அந்த கேமரா மேல லென்ஸே இல்லாததால கிளிப்போட ஓரம் தான் படத்துல வரும். ப்ரோ மோட்ல போயி எந்த கேமரான்னு நாமளே பூட்டி வெச்சுக்கணும், இல்ல செட்டிங்ஸ்ல ஆட்டோ மேக்ரோவ ஆஃப் பண்ணணும். லென்ஸ் மோசம்னு திட்டறவங்கள்ல பாதி பேரோட பிரச்சனை இது தான்னு நினைக்கறேன்.

போன்லயே மேக்ரோ இருக்கே, அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பீங்க. 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரான்னு நடுத்தர விலை போன்ல குடுத்தாங்களே, அது 1600க்கு 1200 பிக்சல் தான், பெரும்பாலும் போகஸும் ஒரே இடத்துல நிலையா இருக்கும், அதவிட இந்த கிளிப் லென்ஸ் பல மடங்கு மேல, ஒப்பிடவே வேண்டாம். விலை கூடின போன்ல அல்ட்ராவைட் கேமராவே ஆட்டோபோகஸோட மேக்ரோ எடுக்கும், அது நல்லாவே இருக்கும், ஆனா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்ட போகணும், திரும்பவும் நிழல், திரும்பவும் பூச்சி ஓட்டம். அசையாத பொருளுக்கு அது போதும். உயிருள்ளதுக்கு இது.

படத் தரம் எப்படின்னா, நடுவுல ரொம்ப ஷார்ப், நிஜமாவே ஆச்சரியம். ஓரத்துக்கு போகப் போக மங்கும், வெள்ளை பின்னணில கருப்பு பொருள் வெச்சா ஓரத்துல ஊதா கோடு விழும். பொடி லென்ஸுல அது நடு வரைக்கும் வந்துடும், குண்டு லென்ஸுல கடைசி ஓரத்துல மட்டும் தான். அதனால பொருள நடுவுல வெச்சு எடுத்துட்டு அப்புறம் க்ராப் பண்ணிக்கோங்க. டெப்த், அதாவது ஒரே நேரத்துல தெளிவா நிக்கற ஆழம், ரொம்ப கம்மி, ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது சில நேரம், சிலந்தி கண்ணு தெளிவா இருந்தா கால் மங்கிடும். பெரும்பாலான போன்ல அப்பர்ச்சர, அதாவது ஒளி உள்ள போற ஓட்டைய, மாத்தவும் முடியாது. போகஸ் பட்டன நம்பாம, போகஸ பூட்டிட்டு உடம்ப மெதுவா முன்ன பின்ன ஆட்டி, வரிசையா படபடன்னு எடுக்கற பர்ஸ்ட் மோட்ல நிறைய எடுத்து தள்ளுங்க, ஒண்ணு ரெண்டு சரியா அமையும். அசையாத பொருளா இருந்தா பல படம் எடுத்து கம்ப்யூட்டர்ல அடுக்கி ஒண்ணாக்கலாம், ஹுகின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுலயே வேலை முடியும்.

லென்ஸுக்கு ஆயிரம் ரூபா செலவு பண்றவங்க வெளிச்சத்துக்கு பத்து ரூபா செலவு பண்ண மாட்டேங்கறாங்க. சென்னை வெயில் பத்து மணிக்கு மேல மேக்ரோவுக்கு ஆகவே ஆகாது, வண்டு முதுகு, இலை எல்லாம் வெள்ளை வெள்ளையா அடிச்சிடும். காலைல ஏழு எட்டு மணி, இல்ல நிழல்ல வெளிச்சமா இருக்கற இடம். அதுவும் இல்லன்னா ஒரு டிரேசிங் பேப்பர் வாங்கி பூச்சிக்கும் சூரியனுக்கும் நடுவுல பிடிங்க, படமே மாறிடும். ராத்திரி வீட்டுக்குள்ள எடுக்கறதுன்னா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், அதனால வீடியோல பட்டை பட்டையா ஓடும். ஷட்டர் வேகத்த நொடில 50ல ஒரு பங்கு இல்ல 100ல ஒரு பங்குன்னு வெச்சா அடங்கும். ஸ்லோமோ நொடிக்கு 240 ஃப்ரேம்ல எடுத்தா அந்த தந்திரம் எடுபடாது, பகல் வெளிச்சமோ பேட்டரில ஓடற நல்ல எல்இடியோ வேணும்.

ஸ்லோமோன்னு வந்ததால சொல்றேன், தும்பி ரெக்கை நொடிக்கு 30, 40 தடவை தான் அடிக்கும், 240 ஃப்ரேம்ல அழகா பிரிஞ்சு தெரியும். தேனீ 200க்கு மேல, கொசு அதவிட ரெண்டு மூணு மடங்கு, அதெல்லாம் போன்ல வெறும் புகை தான், அதுக்காக லென்ஸ குறை சொல்லாதீங்க.

பூச்சி பிடிக்காதவங்க வீட்டுக்குள்ளயே நிறைய எடுக்கலாம். கல் உப்ப தண்ணில கரைச்சு தட்டுல காய விட்டா கண்ணு முன்னாடி சதுரம் சதுரமா படிகம் வளரும், டைம்லாப்ஸுக்கு அருமையான சமாச்சாரம். இன்னொரு போன் ஸ்க்ரீன கிட்ட காட்டினா சிவப்பு, பச்சை, நீல புள்ளி தனித்தனியா தெரியும், பெரும்பாலான ஓஎல்இடி போன்ல பச்சை புள்ளி மத்தத விட ரெண்டு மடங்கு இருக்கும், எண்ணி பாக்கலாம். அம்மாவோட கல்யாண பட்டுப்புடவை பார்டர லென்ஸுல பாத்தப்ப தான் எனக்கு ஜரிகைன்னா என்னன்னே புரிஞ்சுது. நடுவுல சிவப்பு பட்டு நூலு, அது மேல முடி மாதிரி மெல்லிசா தட்டின வெள்ளிக் கம்பிய சுருள் சுருளா சுத்தி, மேல தங்க முலாம். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவுல விட்டுப்போன சந்துல அந்த சிவப்பு எட்டி பாக்குது, பழசான இடத்துல முலாம் தேஞ்சு வெள்ளி வெளுப்பு தெரியுது. "இவ்ளோ நாளா பீரோல பூட்டி வெச்சிருந்தேன், இதெல்லாம் எனக்கே தெரியாதேடா"ன்னு அம்மா போன வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க.

பெசன்ட் நகர் பீச்சுக்கு போனா மணல்ல கருப்பு கருப்பா கோடு ஓடும் பாருங்க, அழுக்குன்னு நினைச்சு தாண்டி போயிடுவோம். அது கனமான தாது மணல். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளை பேப்பர்ல பரப்பி லென்ஸ வெச்சா கருப்பு துகளுக்கு நடுவுல இளஞ்சிவப்பா கார்னெட் துகள் மின்னும், கண்ணாடி மாதிரி இருக்கறது குவார்ட்ஸ். காந்தம் காட்டினா கருப்புல ஒரு பங்கு ஓடி வந்து ஒட்டிக்கும். ஆனா பீச்சுல லென்ஸ மாட்டாதீங்க, மணல வீட்டுக்கு கொண்டு வந்து எடுங்க, உப்புக் காத்து கண்ணாடி மேல படிஞ்சுதுன்னா துடைக்கும்போது கீறல் விழும்.

வெறும் ஒத்தை லென்ஸுல என்ன பெருசா பாத்துட முடியும்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. டெல்ஃப்ட்ல துணி வியாபாரம் பண்ணிட்டிருந்த லேவன்ஹுக் 1670கள்ல தண்ணில இருக்கற நுண்ணுயிர முதமுதலா பாத்தது தானே தேச்ச ஒத்தை லென்ஸுல தான். நம்ம ஊர்லயே மா. கிருஷ்ணன் இருந்தாரு, 1912ல பிறந்து 1996 வரைக்கும் வாழ்ந்தவரு, காட்டு விலங்க கருப்பு வெள்ளைல எடுத்தவரு, அவரோட கேமரா வேற வேற கேமரா பாகங்கள கோத்து அவரே சேத்துக்கிட்டது, அதுக்கு சூப்பர் பாண்டெரோசான்னு பேர் வேற வெச்சிருந்தாரு. விலை கூடின கேமரா இல்லாததால நாம எடுக்க முடியலன்னு சொல்றதுக்கு மெட்ராஸ்காரங்களுக்கு இடமே இல்ல.

குறைன்னு பாத்தா கிளிப் தான். கண்ணாடிக்கு செலவு பண்ணினவங்க கிளிப்புக்கு கை இழுத்துட்டாங்க. உள்ள ஒட்டின ரப்பர் வெயில் காலத்துல பசை விட்டு வழுக்க ஆரம்பிச்சிடுச்சு, இப்ப டபுள் டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். போன் கவர் தடிமனா இருந்தா பிடிக்காது, கேமரா மேடு உயரமா இருந்தா லென்ஸ் சாஞ்சு நிக்கும், ஒரு பக்கம் மட்டும் மங்கலா வந்தா அது தான் காரணம். ஒவ்வொரு தடவையும் கேமராவோட நடுவுல சரியா உக்கார வெக்கறதுக்கு பொறுமை வேணும். நிறைய லென்ஸுல 17 மில்லிமீட்டர் மரை தான் வருது, உங்க போனுக்கு அந்த மரை போட்ட கவர் கிடைச்சா கிளிப்ப தூக்கி போட்டுட்டு அத வாங்குங்க, ஒரு திருகு திருகினா வேலை முடிஞ்சுது. வாரண்டி கேட்டா கடைல "அதெல்லாம் இதுக்கு கிடையாது சார்"னு தான் சொன்னாங்க, அத தெரிஞ்சே வாங்கணும்.

நம்ம ஊரு ஈரக் காத்துக்கு எந்த லென்ஸா இருந்தாலும் சும்மா டிராயர்ல போட்டா பூஞ்சை பிடிக்கும். காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்க.

ஏற்கனவே நல்ல மேக்ரோ லென்ஸோட டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கறவங்க இத வாங்க வேண்டாம், சும்மா கிடக்கும். பறவை எடுக்கணும்னு பள்ளிக்கரணை பக்கம் அலையறவங்களுக்கும் இது ஒத்து வராது, அது வேற உலகம். ஸ்கூல் போற பசங்க இருக்கற வீடா, மாடில நாலு தொட்டி இருக்கா, கண்டிப்பா வாங்குங்க. போகும்போது ஒரு விசிட்டிங் கார்டும் சின்ன ஸ்கேலும் எடுத்துட்டு போங்க, நாலு சென்டிமீட்டருக்கு கீழ வந்தா தான் போகஸ் ஆகுதுன்னா அந்த லென்ஸ அங்கயே வெச்சுட்டு அடுத்த கடைய பாருங்க, அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள தெளிவா நின்னா பேரம் பேச ஆரம்பிங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, பாதி கடை மூடியிருக்கும்.